பல வருஷமாக அடித்த அதே டைதான், இப்போது மட்டும் ஏன் முகம் வீங்கியது?

ஊசிநூல் (காரைக்குடி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 49 வயது. வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாற்பது தாண்டியதிலிருந்து தலைக்கு டை அடிக்கிறேன். கடைகளில் சரம் சரமாகத் தொங்குமே, தண்ணீரில் குழைத்துத் தடவும் தூள் பாக்கெட், அதுதான். ஒரே கம்பெனி, ஒரே கருப்பு. இத்தனை காலமும் ஒரு சின்ன அரிப்புகூட வந்ததில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வழக்கம்போல அடித்துத் தலைக்குக் குளித்தேன். அன்றைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் நெற்றி ஓரமாக அரித்தது, வியர்க்குரு என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மேல் இமை இரண்டும் பை மாதிரி தொங்குகின்றன. காதுக்குப் பின்னால் தண்ணீராகக் கசிந்து மஞ்சள் பொருக்கு கட்டி, தலையணை உறையோடு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜாக்கெட் வாங்க வந்த பெண், "என்னக்கா, தேனீ கொட்டிடுச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டை அடித்ததால் இப்படி என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

மெடிக்கலில் அரிப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நல்ல தூக்கம் வந்தது, வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அப்புறம் டாக்டரிடம் போனேன். ஒரு ஊசி, சில நாளைக்கு மாத்திரை, தடவ ஒரு களிம்பு, "இனிமே டை வேண்டாம்மா" என்று ஒரு வரி. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் நெற்றியில் முடி ஓரமாக ஒரு கருமை விழுந்திருக்கிறது, அது போகிற மாதிரி தெரியவில்லை.

என் சந்தேகங்கள் இவைதான். இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டது இப்போது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? பாக்கெட்டில் ஏதாவது கலப்படமா? மகள் ஆன்லைனில் "நூறு சதவீதம் ஹெர்பல், அம்மோனியா இல்லை, பத்தே நிமிடத்தில் கருப்பு" என்று ஒன்று வரவழைத்து வைத்திருக்கிறாள். அதை அடிக்கலாமா? ஆவணியில் அண்ணன் மகன் கல்யாணம் இருக்கிறது. அப்புறம், பாக்கெட்டில் போட்டிருந்த நம்பருக்குப் பேசினேன். எடுத்த பெண் கேட்ட முதல் கேள்வியே "ஸ்கின் டெஸ்ட் பண்ணீங்களா மேடம்?" என்பதுதான். பண்ணவில்லை என்றதும் அவள் குரலில் ஒரு நிம்மதி. இதை வேறு எங்கே சொல்வது?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "நரையோடு இருங்க, அதுதான் அழகு" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அதை நான் முடிவு செய்துகொள்கிறேன்.

கறிவேப்பிலை எழுதியது:

கடை சாமான் எல்லாமே கெமிக்கல்தான் சகோதரி. கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய், கறிவேப்பிலை மூன்றையும் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவுங்கள். எங்கள் பாட்டிக்கு எண்பது வயதிலும் முடி கருப்பு.

கத்தரிக்கோல் (கோவை) எழுதியது:

உங்கள் பாட்டிக்குக் கொடுப்பினை. ஆனால் நரைத்துவிட்ட முடியை எண்ணெய் கருப்பாக்கி நான் பார்த்ததில்லை. அப்பா காலத்திலிருந்து சலூன் எங்களுக்கு. பார்த்த தலைகள் கொஞ்சநஞ்சமில்லை.

அக்கா, உங்களுக்கு வந்த மாதிரி என் வாடிக்கையாளர்களிடம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதனால்தான் பாதிப் பேர் டையைச் சந்தேகப்படுவதே இல்லை. முந்தின நாள் சாப்பிட்ட கருவாட்டையும் கத்திரிக்காயையும் திட்டிக்கொண்டு இருப்பார்கள். தலையில் தடவியதற்குக் கண் ஏன் வீங்குகிறது என்று கேட்பார்கள். தலைத்தோல் தடிமன், இமைத்தோல் ரொம்ப மெல்லிசு. குளிக்கும்போது வழிந்து வருவது அங்கேதான் முதலில் காட்டும். காது மடல், பிடரி, ஆண்களுக்கு மீசை தாடி ஓரம், இதெல்லாம் அடுத்தது.

காரணம் பெரும்பாலும் பிபிடி. முழுப்பெயர் பாரா ஃபினைலின் டையமின். கருப்பு டை என்றால் அது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலப்படமெல்லாம் வேண்டியதே இல்லை, ஒழுங்கான சரக்கிலேயே இது வரும். பத்து தடவை ஒத்துக்கொண்டால் பதினோராவது தடவையும் ஒத்துக்கொள்ளும் என்று இந்தச் சாமானில் கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு தடவையும் உடம்பு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. என்றைக்கோ ஒருநாள் "இது எதிரி" என்று அடையாளம் வைத்துவிடும். வைத்தால் பிறகு அழிக்காது. அடுத்த தடவை இதைவிடச் சீக்கிரமாக, இதைவிட அதிகமாக வரும். கம்பெனி மாற்றினாலும் அதேதான்.

மகள் வாங்கிய டப்பாவை அடிக்காதீர்கள். சுத்தமான மருதாணிப் பொடி கருப்பே தராது. ஆரஞ்சு கலந்த சிவப்புதான் வரும், அதுவும் மணிக்கணக்கில் ஊற வேண்டும். பத்து நிமிடத்தில் கருப்பு என்று சொன்னாலே உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. "அம்மோனியா இல்லை" என்பதும் வெறும் முகப்பு வாசகம். அம்மோனியாவுக்கும் இந்த அலர்ஜிக்கும் சம்பந்தமில்லை. அம்மோனியா இல்லாத டப்பாவிலும் பிபிடி தாராளமாக இருக்கும்.

எங்கள் தொழிலில் இது தலையோடு நிற்பதில்லை. என்னிடம் வேலை பார்த்த பையனுக்கு விரல் நுனியெல்லாம் வெடித்து, கத்தரிக்கோலுக்குள் விரலை நுழைக்க முடியாமல் போய்விட்டது. வெள்ளை ரப்பர் கையுறை போட்டுத்தான் வேலை செய்தான். லேடக்ஸ் வழியாக இது உள்ளே இறங்கிவிடும் என்று தோல் டாக்டர் சொன்ன பிறகு நைட்ரைல் கையுறைக்கு மாறினோம். அவன் இப்போது டை பக்கமே போவதில்லை, ஷேவிங்கும் கட்டிங்கும் மட்டும்.

ஒரு கேள்வி அக்கா. எப்போதாவது கையில் கருப்பு மெஹந்தி போட்டுக்கொண்டீர்களா? கோன் மெஹந்தி, போட்டதும் கருப்பாகப் பிடிக்குமே, அது.

சும்மா_ஒருத்தன் எழுதியது:

கோடிக்கணக்கான பேர் அடிக்கிறார்கள், எங்கேயோ நாலு பேருக்கு ஒத்துக்கொள்வதில்லை. இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இல்லையா? அதற்காக இறால் விற்பவன் மேல் கேஸ் போடுவோமா? பாக்கெட்டிலேயே டெஸ்ட் பண்ணச் சொல்லிப் போட்டிருக்கிறான். படிக்காதது நம் தப்பு.

ஆய்வுக்கூடம் (புதுச்சேரி) எழுதியது:

அழகுசாதனத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். இறால் என்று போர்டு வைத்து இறால் விற்கிறார்கள், அது சரி. இங்கே மருதாணி இலைப் படம் போட்டு பிபிடி விற்கிறார்கள். இரண்டும் ஒன்றாகுமா?

நண்பர் சொன்ன எச்சரிக்கை வாசகம் கம்பெனியின் கருணையால் வந்ததில்லை, சட்டம் போடச் சொன்னது. 1945ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளிலேயே, பிபிடி உள்ள டை என்றால் உள் உறை, வெளி உறை இரண்டிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளிலும் அது தொடர்கிறது. சிலருக்குத் தோல் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பாருங்கள், புருவத்துக்கும் இமைக்கும் தடவாதீர்கள், பார்வை போகலாம் என்பது சாரம்.

பார்வை போகலாம் என்பது சும்மா பயமுறுத்த எழுதியதில்லை. 1930களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்று ஒரு இமைச்சாயம் விற்றார்கள். அதில் இருந்தது இதே சாமான்தான். பெண்கள் பார்வை இழந்தார்கள், ஓர் உயிரும் போனது. 1938இல் அங்கே புதிய சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்திலேயே தலைமுடிச் சாயத்துக்கு மட்டும் ஒரு சலுகை கிடைத்தது: எச்சரிக்கை போட்டுவிட்டால் போதும், தாராளமாக விற்கலாம். நம் பாக்கெட்டில் இருக்கும் வாசகம் கிட்டத்தட்ட வரிக்கு வரி அந்த அமெரிக்க வாசகம்தான்.

சோதிக்கும் முறையும் விதியிலேயே இருக்கிறது. காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ சோப்பு போட்டுக் கழுவி, குழைத்த டையைக் கொஞ்சம் தடவிக் காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவை டை அடிப்பதற்கு முன்பும் செய்ய வேண்டும். இந்த "ஒவ்வொரு தடவையும்" என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அந்த 24 மணி நேரமும் போதாது என்பது என் அபிப்பிராயம். இந்த அலர்ஜி 48, 72 மணி நேரத்தில்கூட எழும்பும். ஐரோப்பாவில் 48 மணி நேரத்துக்கு முன்பே சோதிக்கச் சொல்கிறார்கள். கலந்து தலையில் வைக்கும்போது பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அங்கே வரம்பு இருக்கிறது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அல்ல என்றும், கருப்பு மருதாணி போட்டிருந்தால் அலர்ஜி அபாயம் கூடும் என்றும் பெட்டியிலேயே அச்சடிக்கிறார்கள். கத்தரிக்கோல் அண்ணன் மெஹந்தி பற்றிக் கேட்டது அதனால்தான்.

இன்னொன்று. உட்பொருள் பட்டியல் போட வேண்டும் என்ற விதியில் சின்னப் பாக்கெட்டுக்கு விலக்கு இருக்கிறது. 30 கிராமுக்குக் குறைந்த தூளுக்கும் 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் பட்டியல் கட்டாயமில்லை. நம் ஊரில் சனங்கள் வாங்குவதே சின்னப் பாக்கெட்தான். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்பதற்கு முன்னோடியே கடலூர் சின்னிகிருஷ்ணன். இந்த நாட்டில் போய் அதற்கு மட்டும் விலக்கு! பெட்டி வாங்கும் வசதி உள்ளவருக்குப் பட்டியல், பாக்கெட் வாங்குபவருக்கு எச்சரிக்கை மட்டும். அதுவும் எறும்பு அளவு எழுத்தில். எனக்குக் கோபம் வரும் இடம் இது. எத்தனையோ வருஷம் அந்த உறைகளுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும் மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஊசிநூல் எழுதியது:

படித்துவிட்டு மீதி இருந்த ஒரு பாக்கெட்டை எடுத்தேன். கடையில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் தமிழில் எச்சரிக்கை இருக்கத்தான் இருக்கிறது. கருஞ்சிவப்பு உறையில் கருப்பு எழுத்து, அதுவும் ஒட்டுவாய் மடிப்புக்குள். பிரித்தால் கிழியும் இடம்! இத்தனை வருஷமும் நான் கிழித்துத் தூக்கிப் போட்ட துண்டில்தான் அது இருந்திருக்கிறது. மகளின் ஹெர்பல் டப்பாவிலும் பார்த்தேன். முன்னால் மருதாணி, செம்பருத்தி, நெல்லிக்காய் படம். பின்னால் பட்டியலில் முதல் இரண்டு பெயர் மூலிகை, அதற்கடுத்து நீங்கள் சொன்ன அதே பாரா ஃபினைலின் டையமின். மகள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

கத்தரிக்கோல் தம்பி, மெஹந்தி பற்றிக் கேட்டீர்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் பொருட்காட்சியில் மகள் வற்புறுத்தி, மணிக்கட்டில் ஒரு கொடியும் பூவும் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடித்தது. ஒரு வாரத்துக்கெல்லாம் போட்ட கோட்டிலேயே தடித்து, பூவின் இதழ் இதழாகக் கொப்புளம் எழும்பியது. கொடியின் சுருள்கூடத் தப்பவில்லை. நிறம் போன பிறகும் அந்தப் பூ சிவப்பாக ரொம்ப நாள் இருந்தது. மெஹந்தி சூடு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் வெண்ணெய் தடவிக்கொண்டு விட்டுவிட்டேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு எப்படித் தெரியும்?

கத்தரிக்கோல் (கோவை) எழுதியது:

அதேதான் அக்கா. சீக்கிரம் கருக்க வேண்டும் என்று மெஹந்திக் குழைவில் டைத் தூளைக் கலந்துவிடுகிறார்கள். தலைக்குப் போடுவதில் அளவாவது இருக்கும், இதில் கை போன போக்குதான். அதைத் தோல் மேலேயே விட்டுக் காய வைக்கிறார்கள். உடம்பு அடையாளம் வைத்தது அங்கேயாக இருக்கும். டை அடித்தபோது அது திரும்பிக் கொண்டது. கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கோனைப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடம் (புதுச்சேரி) எழுதியது:

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் பேட்ச் டெஸ்ட் செய்வார்களா என்று விசாரியுங்கள். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு அடுத்த நாட்களில் மறுபடி ஒரு தடவை பார்ப்பார்கள். பிபிடி அதில் கட்டாயம் இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட உடனே செய்தால் பலன் சரியாகத் தெரியாது. எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். வில்லை முதுகில் இருக்கும்வரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கவும் கூடாது. உங்கள் ஊர் வெயிலுக்கு அதுதான் பெரிய சோதனை.

புகார் செய்வதென்றால் அந்த மீதிப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தயாரிப்புத் தொகுதி எண்ணும் தயாரிப்பு உரிம எண்ணும் அதில்தான் இருக்கின்றன. டாக்டர் சீட்டு, வீங்கிய முகத்தின் போட்டோ, கடை பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அழகுசாதனத் தயாரிப்புக்கு உரிமம் கொடுப்பது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, எழுத்துப்பூர்வமாக அங்கே கொடுக்கலாம். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. நஷ்டஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. ஒரு பாக்கெட் டைக்கு யார் அலைவது என்று நினைப்பீர்கள். தமிழ் எச்சரிக்கையை மடிப்புக்குள் ஒளித்தது நிரூபிக்கக்கூடிய விஷயம். அதை மட்டுமாவது போட்டோவோடு எழுதிக் கொடுங்கள்.

ஊசிநூல் எழுதியது:

மதுரைக்குப் போய் வந்தேன். பிபிடிக்கு நேரே மூன்று பிளஸ் போட்டார்கள். வில்லையை எடுத்த இடத்தில் ஐம்பது காசு அளவுக்குச் சிவந்து கொப்புளமே வந்துவிட்டது. இனி எந்தப் பெயரில் வந்தாலும் தொடக் கூடாதாம். டொலுவின் டையமின் என்று மாற்றாக ஒன்று போடுகிறார்கள், என்னைப் போன்றவர்களில் நிறையப் பேருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது என்றார் அந்த டாக்டரம்மா. வாய்ப்புண் ஜெல்லில் வரும் பென்சோகெயின் என்ற மரப்பு மருந்தும் இதன் சொந்தக்காரனாம், பல் டாக்டரிடம் போனால் சொல்லச் சொன்னார். நெற்றிக் கருமை போக மாதக்கணக்கில் ஆகும், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நம் நிறத்துத் தோலில் புண் ஆறினாலும் கறை நிற்குமாம்.

அவரிடம் கேட்க மறந்த ஒன்றை இங்கே கேட்கிறேன். கருநீலம், கருப்பு லைனிங் துணி நாள் முழுக்க மடியில் கிடக்கும். வியர்க்கும் நாளில் முன்கை உள்பக்கம் லேசாக அரிக்கிறது. துணிச் சாயத்துக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு இருக்குமா? அல்லது பயத்தில் எல்லாமே அரிக்கிறதா?

ஆய்வுக்கூடம் (புதுச்சேரி) எழுதியது:

இருக்கலாம் அம்மா, நல்ல கேள்வி. பாலியஸ்டர், அசிடேட் துணிக்குப் போடும் டிஸ்பெர்ஸ் சாயங்கள் சில பிபிடிக்கு நெருங்கிய உறவு. அவை நூலோடு கெட்டியாகப் பிணைவதில்லை, வியர்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்கு வரும். கருநிற லைனிங்கில் அதிகம். பருத்தித் துணிக்குப் போடும் சாயங்கள் வேறு ஜாதி. மறுபடி போகும்போது லைனிங்கில் ஒரு சின்னத் துண்டைக் கையோடு கொண்டு போங்கள். துணிச் சாயத்துக்கென்றே தனி வில்லைத் தொகுப்பு இருக்கிறது, கேட்டால் ஒட்டிப் பார்ப்பார்கள். அதுவரை கருப்பு லைனிங்கை ஒரு தடவை அலசிக் காயவைத்துத் தையுங்கள், மடியில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி விரித்துக்கொள்ளுங்கள். முழுக்கை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

கத்தரிக்கோல் (கோவை) எழுதியது:

கல்யாணத்துக்கு வழி கேட்டீர்களே அக்கா. முதலில் வெறும் மருதாணி இலைப்பொடி. ராஜஸ்தான் சோஜத் சரக்கு நல்லா இருக்கும், இல்லையென்றால் வீட்டு மரத்து இலையை நீங்களே காயவைத்து அரையுங்கள், அதற்கு மேல் நம்பிக்கையான சரக்கு கிடையாது. நன்றாக ஊறி அலசிய பிறகு அவுரி (நீலச் சாயம் தரும் செடி) இலைப்பொடியைத் தண்ணீரில் குழைத்து உடனே தடவ வேண்டும். திண்டிவனம் பக்கம் அவுரி பயிரிடுகிறார்கள், நாட்டுமருந்துக் கடையில் கேளுங்கள். பட்டியலில் இலைப்பெயர் தவிர வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. முதல் நாள் பச்சைப் பூச்சு தெரியும், ஒன்றிரண்டு நாளில் கருமையாகத் திரும்பும். மெனக்கெட வேண்டும், அரை நாள் போய்விடும். இதையும் முன்கையில் போட்டு இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் தலைக்குப் போக வேண்டும், டாக்டரம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிநூல் எழுதியது:

சரி தம்பி. கொல்லையில் மருதாணி மரம் இருக்கிறது, அவுரி மட்டும் வாங்க வேண்டும். ஐயா, புகார்க் கடிதம் எழுதிவிட்டேன், உறை மடிப்பைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து மகள் போட்டோ எடுத்திருக்கிறாள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் போதுமா, நேரில் கொடுக்க வேண்டுமா?

ஆய்வுக்கூடம் (புதுச்சேரி) எழுதியது:

ஸ்பீட் போஸ்ட் போதும், சேர்த்ததற்கான ஒப்புகையோடு. பாக்கெட்டை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், ஆய்வுக்குக் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.